காமிராக்காரனின் இன்பம்



விடுமுறை நாள் வந்தால் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிற வாலிபர்கள் நம் குடும்பங்களில் உண்டு. மலை, ஏரி, கடைத்தெரு, மழையில் நனைந்த பஸ் நிலையம் என்று எதையாவது படம் பிடித்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புவார்கள். "இதனால் ஏதாவது வரும்படி உண்டா?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. வரும்படி இல்லை, ஒப்புக்கொள்வோம். ஆனால் பயனொன்றும் தராத இன்பத்தில் ஒருவன் தன் நேரத்தைச் செலவிடலாமா என்பது வேறு கேள்வி.

விவியன் மேயர் என்ற அமெரிக்க மாது 1926-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1956 முதல் சிகாகோ பட்டணத்தில் பிறர் வீட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் ஆயாவாக ஏறக்குறைய 40 வருஷம் உழைத்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ரோலிபிளெக்ஸ் காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாய் நடப்பார். அதற்கு முன்னே, தாயின் ஊர்ப் பக்கமான பிரான்சு தேசத்து ஆல்ப்ஸ் மலைச் சாரலில் தங்கியிருந்த நாட்களில் மலைகளையும் கிராமத்தாரையும் படமெடுத்திருக்கிறார். எல்லாம் சேர்த்தால் 1,00,000-க்கு மேற்பட்ட படங்கள். அவர் காலத்தில் அவற்றைப் பார்த்தவர்கள் மிகச் சொற்பம். வாடகை பாக்கிக்காக அவர் சாமான்கள் இருந்த கிடங்கறை 2007-ல் ஏலம் போனபோதுதான் அவை வெளியே வந்தன. 2009-ல் அவர் இறந்தார். புகழ் அதற்குப் பிறகே வந்தது.

அந்தப் பெட்டிகளில் கழுவப்படாத பிலிம் சுருள்களும் நூற்றுக்கணக்கில் கிடந்தன. பணமுடை காரணமாயிருக்கலாம். ஆயினும் கழுவ வழியில்லாதவர் மேன்மேலும் படம் எடுப்பானேன்? கிடைத்த படத்தைவிட, பார்ப்பதே அவருக்கு இன்பமாயிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரோலிபிளெக்ஸில் ஒரு சுருளுக்கு 12 படந்தான். பெட்டியை வயிற்றருகே பிடித்து, தலை குனிந்து மேற்கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். அவசரக்காரனுக்கு அது உதவாது. (இப்போது கைபேசியில் நிமிஷத்துக்கு நாற்பது படம் எடுத்து, ஒன்றையும் திரும்பிப் பாராதவர்களை நான் அறிவேன்.)

அர்ச். அகுஸ்தீன் தமது சரிதையின் 10-ம் புத்தகத்தில், மலைகளையும் கடலையும் கண்டு வியக்கப் போகிறவர்கள் தங்களையே கவனியாது விடுகிறார்கள் என்று வருந்துகிறார். இத்தாலியக் கவி பெத்ராக் 1336-ல் வெந்தூ மலையேறியபோது, உச்சியில் அந்த இடத்தையே புரட்டி வாசித்து, பேச்சற்று இறங்கினாராம். அர்ச்சியசிஷ்டரோடு வாதாட நான் வரவில்லை. ஆனால் ஒரு சுவரில் விழும் வெயிலுக்காக அரைமணி நேரம் அசையாமல் நிற்பவன், தன் எரிச்சலையும் பொறுமையின்மையையும் நன்றாய்க் கண்டுகொள்கிறான் அன்றோ? தன்னை மறந்து அலைவது வேறு; தன்னை ஒதுக்கிவைத்து ஒன்றை உற்றுப் பார்ப்பது வேறு. இந்த இரண்டாவதைப் பழகிய பிள்ளை, வீட்டில் நோயாளி முகம் வாடியிருப்பதையும் முதலில் கவனிப்பான் என்பது என் எண்ணம்.

கஷ்டமான விஷயம் மலையில் இல்லை, தெருவில் இருக்கிறது. மலைக்கு வெட்கமில்லை, நடைபாதையில் தூங்குகிற மனுஷனுக்கு உண்டு. வயிற்றருகே காமிராவைப் பிடிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. மேயர் அப்படிப்பட்ட ஏழைகளையும் குடித்து விழுந்தவர்களையும் எடுத்திருக்கிறார். முன்கூட்டிக் கேட்டால் காட்சி கெட்டுப்போகும் என்பார்கள், மெய்தான். வீதியைக் கடக்கும் ஜனக்கூட்டத்தை எடுப்பதில் குற்றம் காணேன். ஆனால் விழித்துப் பார்த்தால் கூசிப்போகக்கூடிய நிலையில் ஒருவன் கிடந்தால், அவன் நம் தகப்பனாயிருந்தால் எடுப்போமா? வெளிச்சம் எவ்வளவு அழகாய் விழுந்தாலும் அந்த ஒரு படத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

மேயர் விஷயத்திலும் இதே சங்கடம் உண்டு. அவர் பெரும்பாலும் யாருக்கும் காட்டாமல் பெட்டிக்குள் வைத்திருந்ததை இன்று உலகமெங்கும் கண்காட்சிகளில் வரிசையாய் நின்று பார்க்கிறார்கள். கடைக்கண்ணாடிகளில் விழுந்த தம் பிரதிபிம்பத்தை அவரே எடுத்த படங்களும் அவற்றில் உண்டு. நானும் புத்தகத்தில் பார்த்து மகிழ்ந்தவன்தான். உயிரோடிருக்கையில் கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருப்பாரா? இதில் முடிவு சொல்ல நான் துணியேன்.