ஐயத்தின் பேரில் போர் தொடுக்கலாமா?

தாக்க வருபவனைத் தடுப்பது பாவமல்ல என்பதை நாம் ஞானோபதேச வகுப்பிலேயே கற்றிருக்கிறோம். தாக்க வரக்கூடும் என்று எண்ணி முந்திக்கொண்டு தாக்கலாமா என்பது வேறு கேள்வி. இக்கேள்விக்கு நாடுகளின் சட்டமும் திருச்சபையின் போதனையும் வெவ்வேறு வழியால் வந்து ஏறக்குறைய ஒரே விடையைத் தருகின்றன. அவ்விடை தட்டிக்கழிக்கப்பட்ட விதத்தை 2003ம் ஆண்டின் ஈராக் யுத்தத்தில் கண்டோம்.

முதலில் சட்டம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945ம் ஆண்டில் எழுதப்பட்ட ஐக்கிய நாடுகள் சாசனம், ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது பலாத்காரம் பிரயோகிப்பதை 2ம் உறுப்புரையின் 4ம் பந்தியில் தடை செய்கிறது. விலக்குகள் இரண்டே. ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால் தற்காப்புக்காகப் போரிடலாம். இது 51ம் உறுப்புரை. அன்றேல், பாதுகாப்புச் சபை அனுமதி வழங்க வேண்டும். (ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் யுத்தத்துக்கு வேறு விதிகள் உண்டு. இங்கே பேசுவது நாடுகளுக்கிடையிலான யுத்தத்தை மட்டுமே.)

2003ல் ஈராக் அமெரிக்காவையோ பிரித்தானியாவையோ தாக்கியிருக்கவில்லை. ஆகவே பிரித்தானிய அரசு பாதுகாப்புச் சபையின் அனுமதியைக் காட்ட வேண்டியிருந்தது. புதிய அனுமதி கிடைக்கவில்லை. எனவே, குவைத்தை மீட்பதற்காக 1990ல் நிறைவேறிய 678ம் இலக்கத் தீர்மானம் இன்னும் சாகவில்லை, ஆயுதக் களைவு நிபந்தனைகளை ஈராக் மீறியதால் அது மீண்டும் உயிர்பெற்றது என்று வாதிட்டனர். பழைய உறுதியைத் தூசி தட்டி எடுத்துக் காணிக்கு வழக்காடுவோர் நம் ஊர்களிலும் இல்லாமலில்லை.

மார்ச் 7ம் திகதி பிரித்தானிய சட்டமா அதிபர் கோல்ட்ஸ்மித் பிரபு பிரதமருக்கு நீண்ட ஆலோசனை ஒன்றை எழுதினார். புதிய தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி. ஆயினும் பழைய அனுமதி உயிர்பெறக்கூடும் என்று நியாயமாக வாதாட இடமுண்டு என்பது அதன் சாரம். அதே நாளில் ஆயுதப் பரிசோதகர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் நியூயோர்க்கில் பாதுகாப்புச் சபை முன் நின்று, தம் வேலை முடிய வருடங்கள் வேண்டாம், வாரங்கள் போதா, மாதங்கள் வேண்டும் என்றார். பத்து நாள் கழித்துச் சட்டமா அதிபர் பாராளுமன்றத்துக்கு அளித்த சுருக்கமான விடையில் முன்னைய ஐயங்கள் காணப்படவில்லை. மார்ச் 20ல் யுத்தம் தொடங்கியது.

வாதாட இடமுண்டு! காணி வழக்குக்கு அது போதும். தோற்றால் மேன்முறையீடு செய்யலாம். உயிரைப் பறிக்கும் செயலுக்கு அது போதுமா? குருமடங்களில் ஒழுக்க இறையியல் படிப்பிக்கும்போது வேடனின் உதாரணம் ஒன்று சொல்வதுண்டு. புதர் அசைகிறது. உள்ளே நிற்பது மானாகவும் இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். மான்தான் என்று எண்ணுவதற்கு நல்ல காரணங்கள் பல இருந்தாலும், ஐயம் தீரும்வரை அவன் சுடலாகாது. சுட்டபின் அங்கே மான் கிடந்தாலும் அவன் குற்றவாளியே. மனிதனானாலும் சரி என்று மனதிலே சம்மதித்துத்தானே அவன் விசையை இழுத்தான்?

நீதியான தற்காப்புப் போருக்குத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் விதிக்கும் நிபந்தனைகளில் முதலாவது, எதிரியால் வரும் தீங்கு நீடித்ததும் பாரதூரமானதும் மாத்திரமன்றி நிச்சயமானதுமாய் இருக்க வேண்டும் என்பதாகும். ஈராக்கிலே பேரழிவு ஆயுதக் களஞ்சியங்கள் இருக்கவில்லை என்று அமெரிக்கா தலைமையிலான ஆய்வுக் குழுவே 2004ல் அறிவித்தது. யுத்தம் தவறானது என்பதற்குப் பலர் இதையே காரணம் காட்டுகின்றனர். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். தேடியபின் ஆயுதம் அகப்பட்டிருந்தாலும், சுட்ட வேளையில் நிச்சயம் இருக்கவில்லை.

இதை உணர்ந்து நடந்தவர் ஒருவர் அந்த அரசுக்குள்ளேயே இருந்தார். வெளிநாட்டமைச்சில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சேவை செய்து, பிரதிச் சட்ட ஆலோசகராயிருந்த எலிசபெத் வில்ம்ஸ்ஹேர்ஸ்ட் அம்மையார், புதிய தீர்மானம் இன்றித் தொடுக்கப்படும் யுத்தம் சட்டவிரோதமானது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பதவி விலகினார். பெரிய இடத்து முடிவு, நான் வெறும் உத்தியோகத்தர் என்ற சாட்டை அவர் தேடவில்லை. யுத்தம் கடைசி வழியாக இருக்கவில்லை என்று சில்கொட் விசாரணை அறிக்கை சொல்வதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுபக்கக் கேள்வி ஒன்று உண்டு. சதாம் ஹுசைன் 1988ல் ஹலப்ஜாவில் தன் நாட்டுக் குர்திஷ் மக்களையே நச்சுவாயுவால் கொன்ற கொடுங்கோலன். அத்தகையவனைக் காக்கும் சட்டமும் ஒரு சட்டமா? இப்படிக் கேட்பவரை எளிதில் ஒதுக்க முடியாது. ஐந்து வல்லரசுகள் வீட்டோ அதிகாரத்தால் தம்மையும் தம் நண்பர்களையும் காத்துக்கொள்ளும் சபையை நீதியின் சிம்மாசனம் என்று நாமும் சொல்லோம். ஆனால் சட்டம் காப்பது அரண்மனையை அல்ல, அதைச் சுற்றியுள்ள குடிமனைகளை. குண்டு விழும்போது கொடுங்கோலனுக்கு ஆழமான நிலவறை இருக்கும். குடிமனைகளில் இருப்போருக்கு என்ன இருக்கும் என்பதைப் பங்கர் வெட்டிப் பழகிய நம் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பாப்பரசர் 2ம் அருளப்பர் சின்னப்பர் இதை முன்கூட்டியே கண்டார். யுத்தத்தின்போதும் அதன் பின்னரும் பொதுமக்களுக்கு நேரப்போவதை மறவாதீர்கள் என்று 2003 ஜனவரியில் அரசதந்திரிகளிடம் கேட்டார். பெப்ரவரியில் கர்தினால் எச்செகரே பக்தாத் சென்றார். விபூதிப் புதனாகிய மார்ச் 5ம் திகதி, பாப்பரசரின் அழைப்பின்படி உலகெங்கும் விசுவாசிகள் சமாதானத்துக்காக உபவாசம் இருக்க, கர்தினால் லாகி ஜனாதிபதி புஷ்ஷைச் சந்தித்தார். இரு தலைநகர்களிலும் மரியாதைக்குக் குறைவில்லை; பலன்தான் இல்லை.

பாப்பரசர் அஞ்சிய அந்தப் பின்னர் நீண்டுகொண்டே போயிற்று. 2008ம் ஆண்டுத் தபசுகாலத்தில், மோசுல் நகரின் கல்தேய அதிமேற்றிராணியார் பவுலோஸ் பராஜ் ரஹோ சிலுவைப்பாதை முடித்துத் திரும்புகையில் கடத்தப்பட்டார். உடன் சென்ற மூவர் அவ்விடத்திலேயே கொல்லப்பட்டனர். இரு வாரங்களின் பின் அவரும் பிணமாக மீட்கப்பட்டார். 2014ல் அந்நகரின் கிறிஸ்தவர்கள் அனைவரும் துரத்தப்பட்டனர். 2021 மார்ச் 7ம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே சென்று, இடிந்த ஆலயங்களின் நடுவே நின்று மாண்டோருக்காக மன்றாடினார்.