எத்தனை மணிக்கு?

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊருக்குப் பஸ் உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கணக்கெடுக்க வருகிறவர் தாளில் 'உண்டு' என்ற இடத்தில் டிக் அடித்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை மணிக்கு என்று எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது.

போன அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக்குப் போயிருந்தேன். குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அன்றைக்குப் பேச்சு குடிதண்ணீரில் தொடங்கியது. 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கணக்கு. ஏறக்குறைய நாலு குடம். எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் குழாய் வந்துவிட்டது. தண்ணீர் வருவதோ பத்தரை மணிக்கு. அந்நேரம் தெருவில் பாதிப் பேர் நடவில் நிற்பார்கள். குடம் தூக்க முடியாத ஆச்சிகள்தான் குழாயடியில் காவல். மோட்டார் போடுகிற மனுஷன் என்ன செய்வார், மூன்று டேங்குக்கும் அவர் ஒருவர்தான்.

"நம்ம ஊருக்கு என்னப்பா குறை? காத்து இருக்கு, கம்மாய் இருக்கு" என்றார் ஒரு பெரியவர். பெண்கள் பக்கம் சிரிப்பு. அவருக்கென்ன, டீக்கடை பெஞ்சு எந்நேரமும் உண்டு!

பிறகுதான் ஒரு அம்மா எழுந்தார். மகள் டவுனில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, அதைப் பற்றித்தான் பேசினார். "காசு மிச்சந்தான், இல்லேங்கல. ஆனா கடையில விடுறதே எட்டு மணிக்கு. நம்மூரு பஸ்சு ஆறரைக்கே போயிருது. மெயின் ரோட்டுல எறங்கி ரெண்டரை கிலோமீட்டர். இருட்டுல எப்படி நடந்து வரும் பொம்பளப் பிள்ளை? அவ அண்ணன்தான் தெனமும் பைக்குல போயி கூட்டியாரான். பஸ்சுல மிச்சமான காசு பெட்ரோலுக்குப் போகுது."

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. வேலைக்குப் போகிற பெண் பிள்ளைகள் இன்னும் நாலைந்து வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு பேர் இந்த நடைக்குப் பயந்தே வேலையை விட்டவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

செயலர் நோட்டைத் திறந்து, 'கூடுதல் பேருந்து வசதி வேண்டி' என்று எழுதி வாசித்தார்.

அந்த அம்மா உட்காரவில்லை. "வசதின்னு எழுதாதீங்க சார். ராத்திரி எட்டரைன்னு எழுதுங்க."

செயலர் அடித்துவிட்டு, மறுபடி எழுதினார்.