ஒத்திவைத்தல் அறமாகுமா?

ஒரு பொருளுக்கு இருவர் உரிமை கோருமிடத்து, அது யாருக்குரியது எனத் தீர்ப்பதே நீதி என்பது நாம் பொதுவாகக் கொண்டுள்ள கருத்தாகும். தீர்க்காது ஒத்திவைப்பதைக் கோழைத்தனம் என்றோ தந்திரம் என்றோ கூறிவிடுகிறோம். இக்கருத்து எவ்விடத்தும் பொருந்துமா என்பதை அந்தாட்டிக் கண்டத்தை முன்வைத்து நோக்கலாம்.

அக்கண்டத்தின் பகுதிகளுக்கு ஏழு நாடுகள் உரிமை கோருகின்றன. அவற்றுள் பிரித்தானியா, ஆர்ஜென்ரீனா, சிலி ஆகியவற்றின் கோரிக்கைகள் அந்தாட்டிக் குடாநாட்டில் ஒன்றன்மேலொன்று படிகின்றன. 1952 இல் அங்குள்ள ஹோப் குடாவில் கரையிறங்கிய பிரித்தானியரின் தலைகளுக்கு மேலாக ஆர்ஜென்ரீனர் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். 1955 இல் பிரித்தானியா சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. மற்றைய இரு நாடுகளும் அதன் நியாயாதிக்கத்தை ஏற்காமையால், 1956 இல் வழக்கு விசாரணையின்றியே நீக்கப்பட்டது.

1959 டிசெம்பர் 1 ஆம் திகதி வாஷிங்டனில் 12 நாடுகள் கைச்சாத்திட்டு, இன்றும் நடைமுறையிலுள்ள உடன்படிக்கை வேறொரு வழியைக் கண்டது. அதன் நான்காம் உறுப்புரையின்படி, கைச்சாத்திட்டமையால் எந்நாடும் தன் கோரிக்கையைக் கைவிட்டதாகக் கொள்ளப்படமாட்டாது. அன்றியும், உடன்படிக்கை நிலவும் காலத்தில் நிகழும் எச்செயலும் உரிமைக்கு ஆதாரமாகாது. 1978 இல் அதே ஹோப் குடாவிலுள்ள ஆர்ஜென்ரீனத் தளத்தில் ஒரு குழந்தை பிறந்தது. கர்ப்பிணி ஒருவரை அங்கு அனுப்பியதன் நோக்கம் வெளிப்படை. ஆயினும் உடன்படிக்கையின் தராசில் அப்பிறப்புக்கு எடையில்லை.

ஒத்திவைப்பின் அறம் இங்கேதான் உள்ளது: காலம் எவர் பக்கமும் சாயாதபடி நிறுத்தப்பட்டது. 1982 இல் போக்லாந்துத் தீவுகளுக்காகப் பிரித்தானியாவும் ஆர்ஜென்ரீனாவும் போர் புரிந்தபோதும், உடன்படிக்கையின் எல்லையான தென் அகலக்கோடு 60 பாகைக்கு அப்பால் அப்போர் பரவவில்லை.

ஆயினும் இரு ஐயங்கள் எழுகின்றன. ஒத்திவைக்கும் அதிகாரத்தை இந்நாடுகளுக்கு வழங்கியவர் யார்? 1983 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் மலேசியா முதலிய நாடுகள் எழுப்பிய பிரச்சினையின் சாரம் இதுவே. மற்றையது, அக்கண்டத்தில் நிலையான குடிகள் இல்லை என்பதாகும். பனிப்பாறை தீர்ப்பை வேண்டிக் காத்திருப்பதில்லை. மக்கள் வாழும் நிலத்திலோ, உரிமை ஒத்திவைக்கப்படுங்கால் காத்திருப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர். அங்கு காலம் வலியோர் பக்கமே சாயும்.

ஆகவே ஒத்திவைத்தல் தன்னளவில் அறமுமன்று, அறப்பிழையுமன்று. காத்திருத்தலின் சுமை யார் தோளில் வீழ்கிறது என்பதே நாம் வினவவேண்டியது. எவர் மீதும் வீழாவிடின் அஃது அறிவுடைமை. ஒரு சாரார் மீது மட்டும் வீழின் அது நீதி மறுப்பேயாகும்.