பலாமரமும் பிக்கப்பும்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பலாவின் அடிமரம் நிற்கிறது. அம்மச்சிப் பிலாவு என்று பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனும் பிரபுக்கள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது திருவிதாங்கூரின் நம்பிக்கை. 1729-இல் அவர் அரசரானார். மரம் பட்டுப்போய்விட்டது, தளிரும் இல்லை, காயும் இல்லை. ஆனாலும் அது அதே மரம்தான் என்பதில் அங்கே கும்பிட வருகிற யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதே வட்டாரத்தில், திருப்புறத்துக்கும் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே வாழைக்குலையும் செங்கல்லும் ஏற்றி ஓடுகிற டீசல் பிக்கப்புகளைப் பற்றி இப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் டயர், கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், நாசில் எல்லாம் பலமுறை மாறியிருக்கும். இனி எஞ்சினையும் மாற்றலாம் என்று ஒர்க்‌ஷாப் ஆசான் சொன்னால், உரிமையாளர் தயங்குவது பணத்துக்காக மட்டும் இல்லை. "ஆசானே, அப்புறம் இது நம்ம வண்டிதானா?" என்ற கேள்வியும் அந்தத் தயக்கத்துக்குள் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். இந்தோ-கிரேக்க அரசர் மிலிந்தருக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்ததாகப் பாலி நூல் சொல்லும் உரையாடலில், அரசர் வந்த தேரைக் காட்டியே துறவி கேட்கிறார்: அச்சுதான் தேரா? சக்கரமா? நுகமா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறார் அரசர். அப்படியானால் தேர் என்பது இவையெல்லாம் சேர்ந்திருப்பதற்கு நாம் வைத்த பெயர்தான் என்று முடிகிறது வாதம். ஏதென்ஸில் தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்ததைப் புளூட்டார்க் எழுதிவைத்தார். கழற்றிய பலகைகளைக் கொண்டே ஒருவன் இன்னொரு கப்பல் கட்டிவிட்டால் எது உண்மையான கப்பல் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் கேட்டார். பழைய எஞ்சின் ஒன்று வேறு வண்டியில் ஏறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

பூரி ஜகந்நாதர் கோயில் வேறொரு பதிலைக் கையில் வைத்திருக்கிறது. அங்கே மூலவர்கள் வேப்பமரத்தால் ஆனவர்கள். ஆஷாட மாதம் இரட்டித்து வரும் குறிப்பிட்ட ஆண்டுகளில் நவகளேபரம் எனும் திருமேனி மாற்றம் நடக்கிறது. 1996-க்குப் பிறகு 2015-இல் நடந்தது. நள்ளிரவில், கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றி, பிரம்ம பதார்த்தம் எனப்படும் ஒன்றைத் தைத்தாபதிகள் எனும் சேவகர்கள் பழைய திருமேனியிலிருந்து புதியதற்கு மாற்றுகிறார்கள். பழையது கோயில் வளாகத்திலேயே புதைக்கப்படுகிறது. உடல் மாறியது, உள்ளே இருப்பது மாறவில்லை என்பது பக்தர்களின் உறுதி.

பிக்கப்புக்கு அப்படி ஒரு பிரம்ம பதார்த்தம் உண்டா? சட்டத்தைக் கேட்டால், சேஸ் எண்ணைக் காட்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அனுமதி பெற்று அதே வகை எஞ்சினைப் பொருத்தலாம். வண்டியின் வடிவையே மாற்ற முடியாது.

ஆனால் சேஸ் எண் ஒன்றாக இருந்தும் நம்ப முடியாத வண்டிகள் உண்டு. அங்கேதான் நாகசேனர் சொன்ன இன்னொரு உவமை உதவுகிறது. இரவெல்லாம் எரிகிற விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்றுமல்ல, வேறுமல்ல; ஒன்றைப் பற்றிக்கொண்டு அடுத்தது எழுந்தது. வண்டியில் தொடர்வதும் இரும்பு அல்ல, இந்தத் தொடர்ச்சிதான். எந்த மாற்றம் எதனால் வந்தது, அதன்பின் வண்டி என்ன சொன்னது என்ற சங்கிலி அறாதவரை அது அதே வண்டி.

இந்தப் பதிலை ஏற்றால், பழைய டீசலை மேம்படுத்தும் முறையும் அதிலிருந்தே வருகிறது. முதல் வேலை சக்தி கூட்டுவது அல்ல. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே அளவா, தண்ணீர் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த ரிங் உள்ள எஞ்சினில் ரீமேப் செய்து கூடுதல் டீசலைச் செலுத்தினால், ஏறும் வெப்பம் பிஸ்டனையும் ஹெட் கேஸ்கெட்டையும் தேடிப் போகும். கூடிய இழுவை கிளட்சைத் தின்னும். பாரம் தாங்க லீஃப் ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்தால் பட்டை உடையாது, அந்தச் சுமை அச்சுக்கும் பேரிங்குக்கும் சேஸுக்கும் இறங்கும். எனவே பிரேக், ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ், டீசலிலிருந்து தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், புஷ் என்று தாங்குகிறவற்றை முதலில் புதுப்பிக்க வேண்டும்.

அதையும் ஒரே வாரத்தில் செய்யக் கூடாது. பத்தும் ஒன்றாக மாறிய வண்டியில் புதுச் சத்தம் கேட்டால், குற்றவாளி யார் என்று ஆசானுக்கும் தெரியாது. ஒன்றை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் பாரத்தோடு ஓட்டிக் காது கொடுத்துக் கேட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். கோயில் திருப்பணியில் பாலாலயம் அமைப்பதும் இதே அக்கறைதான். சக்தியைக் கலசத்தில் இறக்கி, தற்காலிகமாக ஓர் இடத்தில் எழுந்தருளச் செய்து, நித்திய பூசை விடுபடாமல் பார்த்துக்கொண்டுதான் கல்லில் கை வைக்கிறார்கள்.

அம்மச்சிப் பிலாவை எதுவும் மாறாமல் பாதுகாத்து வருகிறார்கள். அதன் வேலை முடிந்துவிட்டது, அதனால் அது சரி. வாழைக்குலை ஏற்ற வேண்டிய பிக்கப்பின் வேலை முடியவில்லை.

எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டி ஒவ்வோர் ஆண்டும் தகுதிச் சோதனைக்கு நிற்க வேண்டும். சேஸில் எண் பொறித்த இடத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார்கள். எண் மெல்ல எழுந்து வருகிறது. டேஷ்போர்டில் எண்ணெய்க் கை பட்டுக் கறுத்த ஒரு நோட்டு கிடக்கிறது: ரேடியேட்டர் எந்த மாதம், கிளட்ச் எத்தனையாவது கிலோமீட்டரில், அதற்குப் பின் சத்தம் நின்றதா இல்லையா.