வேலி கடந்த கொடி

அடி அண்ணாமலையில் நம் வீட்டுக் கொல்லையையும் அண்டை வீட்டுக் கொல்லையையும் பிரித்து நிற்பது ஒரு கிளுவை வேலி. அவ்வேலியடியில் எழுந்ததொரு வழக்கு நம் உள்ளத்தை ஓராண்டாக உறுத்தி வருகின்றது. வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. வழக்குப் பொருள் ஐந்து ஸ்ட்ராபெரிப் பழங்கள்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கார்த்திகை மாதத்தில் கொடைக்கானலிலிருந்து நான்கு நாற்றுகள் கொண்டுவந்து தந்தார். மலையடிவாரம் என்ற பெயரேயன்றி இவ்வூர் வெயிலூர். இச்செடியோ குளிரும் குறும்பகலும் கண்டால்தான் நன்கு பூக்கும். பகல் நீண்டு வெயில் ஏறினால் பூப்பதை விட்டு, வல்லாரையைப் போலத் தரைமீது ஓடுதண்டுகளை நீட்டும். தண்டின் கணு மண்ணைத் தொட்ட இடத்தில் இன்னொரு செடி எழும். அது வேரூன்றும்வரை தாய்ச்செடியே தண்டின் வழியாக நீரும் உணவும் ஊட்டும். தை மாதத்தில் நமக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்க பழங்கள். பங்குனியில் தண்டுகள் ஓடின. சித்திரையில் நான்கு செடிகளும் கருகின. நாமும் மறந்தோம்.

ஒரு தண்டு வேலிக்கடியில் நுழைந்து, அண்டை வீட்டு மூதாட்டியாரின் வாழை நிழலில் வேரூன்றியிருந்தது. பெயர்கூட அறியாத அச்செடிக்குக் கத்திரி வெயிலில் தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டி, அரிசி களைந்த நீரை ஊற்றி அவ்வம்மையார் காப்பாற்றினார். அடுத்த தை மாதம் ஐந்து பழங்களை இலைத்துண்டில் ஏந்தி வந்து, "வாத்தியார் பாய், உங்க கொல்லையிலேருந்து வந்த கொடி இது. உங்க பொருளை நீங்க வச்சுக்குங்க" என்றார். வாங்கினோம், உண்டோம். உண்ட பின்னரே அவை நம்முடையவைதாமா என்னும் வினா எழுந்தது. ஓதிக் கொடுப்பவனுக்கு இவ்வரிசை அழகன்று.

முதலில் நினைவுக்கு வந்தது, 13-ஆம் நூற்றாண்டினரான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' கூறும் சட்டம். வெள்ளம் ஒருவரது விதையை மற்றவர் நிலத்தில் சேர்த்து, அது முளைத்துவிட்டால், பயிர் விதைக்குரியவருக்கே உரியது. ஆகவே பழம் நம்முடையதே என்று மனம் ஆறுதல் கொண்டது.

ஆறுதல் நீடிக்கவில்லை. பாழ்வெளியில் ஒருவர் கைவிட்டுச் சென்ற பிராணியை மற்றொருவர் தீனியும் நீரும் தந்து பிழைக்க வைத்தால், அது பிழைக்க வைத்தவருக்கே உரியதாகும் என்பது ஹன்பலி மத்ஹபின் தீர்ப்பு. கைவிடப்பட்டது மூட்டை முடிச்சாயின் அவ்வாறன்று. பழைய உடைமையாளருக்கே மீளும். பேணாவிடில் பிராணி மாயும், மூட்டை மாயாது என்பதே காரணம். அங்ஙனமாயின் செடி எதன் பக்கம்? நம் நான்கு செடிகளும் சித்திரையிலேயே விடை கூறிவிட்டன. ஷாபிஈ சட்டவல்லுநர்கள் ஹன்பலிகளின் இத்தீர்ப்பை ஏற்பதில்லை என்பதை அறிவோம். ஆயினும் வெள்ளத்தில் விதையை இழந்தவர் அதனைக் கைவிட்டவரல்லர், நாமோ கைவிட்டவர். ஆதாயமான சட்டம் முதலிலும், ஆதாயமற்றது பிறகும் நினைவுக்கு வந்ததே, உறுத்தல் அங்கேதான்.

இச்செடியின் பிறப்பும் வேலிக்கணக்கில் அடங்குவதாயில்லை. 1714-இல் ஃப்ரெசியே என்னும் பிரெஞ்சுப் படைப் பொறியாளர் சிலி நாட்டுச் செடிகளைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். பெண் செடிகளாதலின் அவை தனித்து நின்று காய்க்கவில்லை. வட அமெரிக்க வர்ஜீனியா இனம் அருகில் வளர்ந்த இடங்களிலேயே காய்த்தன. அக்கலப்பில் பிறந்ததே இன்று மகாபலேசுவரத்திலும் கொடைக்கானலிலும் விளையும் பெரிய பழம். 1766-இல் துய்ஷேன் என்னும் தாவரவியலார் இதனை விளக்கினார். அரபியில் 'ஃபராவ்லா' என்கின்றனர். அப்பெயரும் இத்தாலியரிடம் பெற்றதே.

அம்மையார் கருதியவாறு அது அமானிதமே என்று கொண்டாலும் நாம் தப்புவதற்கில்லை. அமானிதமாக ஒப்படைத்த பிராணியின் தீனிச் செலவு உடைமையாளரையே சாரும். இதனை எடுத்துரைத்து, கீற்றுக்கும் உழைப்புக்கும் ஈடு தர முனைந்தோம். "தண்ணி ஊத்தினதுக்கெல்லாம் காசு வாங்குவாங்களா, பாய்?" என்று சிரித்துவிட்டார்.

இப்போது மீண்டும் பங்குனி. அம்மையாரின் செடி தண்டு விட்டிருக்கிறது. அதில் ஒன்றை அவரிடம் வாய்விட்டுக் கேட்டோம். "உங்க செடியை என்கிட்டே கேக்கறீங்களே!" என்றவாறு, தண்டை வேலியின் இடைவெளியில் நம் பக்கம் தள்ளிவிட்டார். தொட்டியில் மண் நிரப்பி அதன் கணுவைப் பதித்திருக்கிறோம். வேர் பிடிக்க இரண்டு வாரமேனும் ஆகும். தண்டை இன்னும் நறுக்கவில்லை.