ஏழரை

காலை ஏழு மணிக்குப் படவேட்டில் மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. என் மகன் ஏறுகிறான். எதிர்வீட்டுப் பையன் அரசுப் பள்ளிக்கு நடக்கிறான்.

2020ஆம் ஆண்டுச் சட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து ‘நீட்’ தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் தந்தது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் எனக்கு இது அநியாயமென்று பட்டது.

பிறகு உறைத்தது. நான் விலைகொடுத்து வாங்கியதில் பாதி பாடம். மீதி, எதிர்வீட்டுப் பையனை முந்துவது. சட்டம் அந்த மீதியில்தான் கொஞ்சம் திருப்பிக் கேட்கிறது.

பள்ளியை அது தொடவில்லை. ஆசிரியர் இடம் காலியானால் மனு எழுதி அலையக்கூடியவர்கள் நாங்கள்; வேனுக்குப் போய்விட்டோம். ஜவ்வாது மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைக்கு விலகிப்போகவும் வழியில்லை. அரசு தருவது ஏழரை. நான் எடுத்துக்கொண்டு போனது எத்தனை?