குறி தவறாத கை

திரைப்படம் பார்த்துத் திரும்பும் நம் இளைஞர்கள், கதை இடித்த இடங்களைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். பத்து அடியாட்கள் சூழ்ந்து நிற்க, ஒன்பது பேர் தத்தம் முறை வரும்வரை ஏன் பொறுமையாகக் காத்திருந்தார்கள்? ஆறு குண்டு கொள்ளும் துப்பாக்கி பதினைந்து முறை வெடித்தது எங்ஙனம்? நாயகனின் தோளில் இறங்கிய கத்தி, அடுத்த பாட்டுக்குள் தழும்புகூட இல்லாமல் எங்கே மறைந்தது? ‘லாஜிக் இடிக்கிறது’ என்பது இன்று மணப்பாட்டுக் கடற்கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருப்பவரின் பேரனும் சொல்லும் சொல்.

பெரியவர்கள் இதனை வீண்பேச்சு என்று கடிந்துகொள்வதுண்டு. பொழுதுபோக்கப் போன இடத்தில் குறுக்கு விசாரணை எதற்கு என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் சொல்லும் கதையில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிந்திருப்பது நல்ல பழக்கம்; சில வேளைகளில் அது உயிர் காக்கும் பழக்கமும்கூட. அதனை நாம் எங்கே பயன்படுத்துகிறோம், எங்கே கைவிட்டுவிடுகிறோம் என்பதே இங்கு நான் கேட்க விரும்பும் கேள்வி.

காதில் பூச்சுற்றும் காட்சிகளுக்கு நம் திரையுலகில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ‘அண்ணாமலை’யில் (1992) பால்காரர் ஒரே பாட்டில் பெருஞ்செல்வர் ஆனார். ‘நரசிம்மா’வில் (2001) மின்சாரம் பாய்ந்த நாயகருக்கு ஒன்றும் ஆகவில்லை, டிரான்ஸ்பார்மர்தான் வெடித்தது. இவற்றையெல்லாம் கேலி செய்வதற்கென்றே 2010 சனவரியில் ‘தமிழ்ப் படம்’ வந்தது, ஊரே சிரித்தது. அதே ஆண்டு மே மாதம் ‘சிங்கம்’ வந்தது. தூத்துக்குடி அருகே நல்லூர் என்னும் ஊரின் உதவி ஆய்வாளர் அதன் நாயகர். சிரித்த அதே மக்கள் இப்போது விசில் அடித்தார்கள். அக்டோபரில் ‘எந்திரன்’ வந்தது; காதல் வயப்படும் இயந்திரத்தை எவரும் ‘இது நடக்குமா?’ என்று கேட்கவில்லை. ஓராண்டில் மூன்று படங்கள், மூன்று விதமான ஏற்பு.

இதற்கு அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் விடை தந்திருக்கிறார். நடக்கவே இயலாததாயினும் நம்பும்படி அமைந்த நிகழ்ச்சி, நடக்கக் கூடியதாயினும் நம்ப முடியாதபடி அமைந்த நிகழ்ச்சியைவிடக் கதைக்கு ஏற்றது என்பது அவர் தீர்ப்பு. கதை தொடக்கத்திலேயே தன் விதிகளை நம்மிடம் சொல்லிவிடுகிறது. நாமும் தலையசைத்து விடுகிறோம். அனுமன் கடலைத் தாண்டும்போது தூரத்தை யாரும் அளப்பதில்லை. யோனாவின் கதையைக் கேட்கும் குழந்தை மீனின் தொண்டை எத்தனை அகலம் என்று கேட்பதில்லை. நினிவே நகரத்தார் என்ன ஆனார்கள் என்றுதான் கேட்கிறது. ஆகவே பறக்கும் கார்களும் வெடிக்கும் டிரான்ஸ்பார்மர்களும் என்னைப் பெரிதாக உறுத்துவதில்லை. அவை பொய் என்பது சொல்பவர்க்கும் தெரியும், கேட்பவர்க்கும் தெரியும். இருவரும் அறிந்த பொய் எவரையும் ஏமாற்றுவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஒவ்வொருவரும் தம் தொழிலில் உள்ள ஓட்டையைக் கண்டுதான் சிரிக்கிறார்கள். ‘நீர்ப்பறவை’ (2012), ‘கடல்’ (2013) போன்ற படங்களின் படப்பிடிப்பு நடந்த ஊர் இது. பாய் ஒரு பக்கம் புடைத்திருக்க வல்லம் மறுபக்கம் போகுமானால் நம் மீனவர் நொடியில் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் பழுக்கக் காய்ச்சிய கத்தியால் தோட்டாவைப் பிடுங்கியெடுக்கும் காட்சியை அவர் நம்பிவிடுவார். அங்கே சிரிப்பவர் மருத்துவமனைச் செவிலி. அந்தச் செவிலி, சாட்சியே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பாகும் வழக்கை நம்பிவிடுவார். அங்கே சிரிப்பவர் வழக்கறிஞர். நாம் வாழ்ந்து அறிந்த துறையில் எவரும் நம்மை ஏமாற்ற முடியாது. அறியாத துறையில் எதையும் விற்றுவிடலாம். காவல் நிலையத்தின் உள்ளறை நம்மில் பெரும்பாலோர் அறியாத துறை.

அதற்கு வருமுன் காயத்தைப் பற்றி ஒரு சொல். நடந்ததை நடவாததாக்குதல் இறைவனாலும் ஆகாது என்று தூய தோமாஸ் அக்குவினாஸ் கற்பித்தார். முரண்பாடு இறைவல்லமைக்குள் அடங்குவதன்று என்பது அவர் காட்டும் காரணம். குருமடத்தில் இதனைப் படித்த நாளில் வறட்டுத் தருக்கமாகத் தோன்றிற்று. சண்டைப் படங்களைப் பார்க்கையில் அதன் பொருள் விளங்குகிறது. அங்கே நடந்தது நடவாததாகிக்கொண்டே இருக்கிறது. துரத்தும் வண்டி கவிழ்த்துவிட்ட தள்ளுவண்டியின் தக்காளிக்கு யார் பணம் கொடுத்தார்கள்? அந்த வியாபாரி கந்துவட்டிக்கு வாங்கிய முதல் என்ன ஆயிற்று? காட்சி மாறியதும் அவர் இருந்ததே இல்லை என்றாகிவிடுகிறது.

இதற்கு மாறான ஒன்று நம் திரை வரலாற்றில் உண்டு. எத்தனையோ சண்டைகளில் கீறல் படாமல் மீண்ட எம்.ஜி.ஆர். 1967 சனவரி 12 அன்று தம் இராமாவரம் இல்லத்தில் எம்.ஆர். இராதாவால் சுடப்பட்டார். உயிர் பிழைத்தார், குரல் பழையபடி திரும்பவில்லை. அப்போது தயாரிப்பில் இருந்த ‘காவல்காரன்’ அவ்வாண்டே வெளிவந்தது. ஒரே மனிதர் ஒரு காட்சியில் ஒரு குரலிலும் வேறொரு காட்சியில் வேறொரு குரலிலும் பேசினார். கதைக்கணக்கில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறு வேண்டுமா? ஆயினும் மக்கள் அதனை ஏற்றார்கள். படத்தில் பொய்யாகாத ஒன்று அந்தக் குரல்தான். அதில் உண்மையான குண்டின் தடம் இருந்தது. அவர் மருத்துவமனையில் இருந்தபடியே வென்ற தொகுதி பரங்கிமலை. காயத்தைக் கண்டாலன்றி நம்பேன் என்ற திருத்தூதரின் மலை அது என்பதை இடையே நினைத்துக்கொள்வேன்.

இனி, எவரும் சிரிக்காத ஓட்டைக்கு வருகிறேன். காவல்துறை நாயகர் ஒருவனைப் பிடித்து அடிக்கிறார். அடிபடுபவன் குற்றவாளி என்பதில் நமக்கு ஐயமே எழுவதில்லை. ஏன்? முந்தைய காட்சியில் அவன் கொலை செய்ததை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். பூட்டிய அறைக்குள்ளும், இருட்டிலும், அவன் மனத்துக்குள்ளும் கேமரா நம்மை அழைத்துச் சென்றிருக்கிறது. உள்ளங்களை ஊடுருவிக் காண்பது கடவுளுக்கே உரியது என்று நாம் கற்றிருக்கிறோம். அந்தப் பார்வையை நுழைவுச் சீட்டோடு சேர்த்து நமக்குத் தந்துவிடுகிறார்கள். இதில் தவறில்லை, கதை சொல்வதற்கு அது ஒரு வழி. ஆனால் நாயகர் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லையே! நாம் பார்த்ததை அவரும் பார்த்தவர்போலக் கை ஓங்குகிறார். ஓங்கிய கை ஒருமுறையும் தவறான ஆள்மேல் விழுவதில்லை. திருநெல்வேலியைக் களமாகக் கொண்ட ‘சாமி’யில் (2003) காவல் அதிகாரி எதிரியைத் தாமே கொன்று, அவன் தலைமறைவாகிவிட்டான் என்று உலகை நம்ப வைக்கிறார். அரங்கில் எவர் மனமும் உறுத்தவில்லை. பதினைந்து முறை வெடிக்கும் துப்பாக்கியைவிட, ஒருநாளும் பிழைபடாத அந்தக் கை எனக்கு நம்ப முடியாததாக இருக்கிறது.

மனிதருக்கு அப்பார்வை இல்லை என்பதால்தான் ஒரே சாட்சியை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்காதீர் என்று இணைச்சட்டம் விதித்தது. தானியேல் நூலில் சூசன்னாவின் கதையை நினைவுகூருங்கள். குற்றம் சாட்டியவர்கள் மக்களின் மூப்பர்கள், நடுவர்களும் அவர்களே. கூட்டம் நம்பிவிட்டது, சாவுத் தீர்ப்பும் ஆகிவிட்டது. இளைஞர் தானியேல் வாளை உருவவில்லை, எவரையும் அடிக்கவில்லை. இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின்கீழ் கண்டீர் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொன்றைச் சொன்னார். கதையில் ஓட்டை தெரிந்தது; மாசற்ற ஒரு பெண் உயிர் பிழைத்தார். நம் இளைஞர் திரையரங்க வாசலில் செய்வதும் இதே வேலைதான்.

அவ்வேலையை அதற்குரிய இடத்தில் செய்ய வேண்டிய நாள் நம் மாவட்டத்துக்கே வந்தது. மணப்பாட்டுக்கு மேற்கே, தேரி மணலுக்கு அப்பால் இருக்கும் சாத்தான்குளத்தில், 2020 சூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தை மீறிக் கைபேசிக் கடையைத் திறந்துவைத்தார்கள் என்று சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றார்கள். மகன் 22-ஆம் நாள் இரவும், தந்தை மறுநாள் காலையிலும் உயிரிழந்தனர். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை கூறியது. திரையில் வந்திருந்தால் பள்ளிச் சிறுவனும் கைகொட்டிச் சிரித்திருப்பான். கடைவீதிக் காட்சிப் பதிவு அந்த அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் ஆணைப்படி விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரிடம், அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதைக் கண்டபடி சொன்னார். மத்தியப் புலனாய்வுத் துறை ஒன்பது காவலர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அந்நாட்களில், ‘சாமி’, ‘சிங்கம்’ வரிசைப் படங்களின் இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்தமைக்கு வருந்துவதாக அறிக்கை வெளியிட்டார். அதனை நான் மதிக்கிறேன்; சம்பாதித்த புகழைப் பொதுவில் குறைத்துக்கொள்ள எல்லாராலும் இயலாது. அடித்தவர்கள் படம் பார்த்துவிட்டுத்தான் அடித்தார்கள் என்று சொல்வதும் நேர்மையாகாது. சினிமா தோன்றுமுன்பே கொட்டடிகள் இருந்தன. ஆனால் விசில் நம்முடையது. தூய அகுஸ்தினார் தம் நண்பர் அலிப்பியுசைப் பற்றி எழுதியிருக்கிறார். வாட்போர் அரங்குக்கு நண்பர்கள் வலிந்து இழுத்துச் சென்றபோது அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். கூட்டம் எழுப்பிய பேரொலி கேட்டுத்தான் திறந்தார், திறந்தபின் மூடவில்லை. படம் எடுப்பவர்களை மட்டும் குறைசொல்லும் நம் வழக்கத்தை இந்நிகழ்ச்சி சற்றே அசைக்கிறது. அலிப்பியுசின் கண்களைத் திறந்தது மேடை எழுப்பிய ஓசையன்று, இருக்கைகளில் இருந்தவர்கள் எழுப்பிய ஓசை.

சாத்தான்குளத்தில் அந்த இரவு, கடைசி நொடியில் கதவை உடைத்துக்கொண்டு யாரும் வரவில்லை. சண்டைப் படத்தின் நம்ப முடியாத காட்சிகளுள் மிக நுட்பமானது இதுதான்: உரிய நேரத்தில் வந்து சேர்வது. வெடிகுண்டின் கடிகாரம் ஒன்றைக் காட்டும்போது கம்பி அறுபடும்; கயிறு கழுத்தில் விழும்போது குதிரைச் சத்தம் கேட்கும். இதையே பார்த்துப் பழகியவர்களுக்கு, தாமதமாக வந்து சேர்ந்தவர் செய்யக்கூடியது எதுவுமே இல்லை என்று தோன்றிவிடுகிறது. படமும் அதற்குமேல் ஓடுவதில்லை.

மணப்பாட்டில் நாம் குகையும் கோவிலுமாகப் போற்றும் தூய சவேரியாரின் 1544-ஆம் ஆண்டுக் கடிதங்களில், ஒரு சண்டைப் படத்துக்கு வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. குமரிமுனைப் பக்கத்து மீனவர்களை வடுகர் படை தாக்கியது. மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் தஞ்சம் புகுந்து, பசியாலும் தாகத்தாலும் வாடிக்கொண்டிருந்தார்கள். செய்தி அறிந்த சவேரியார், உதவிப் பொருள்களோடு இருபது தோணிகளை மணப்பாட்டிலிருந்து கிளப்பிப் புறப்பட்டார். திரையில் என்றால் இந்த இடத்தில் இசை உயரும், காற்று திரும்பும். காற்று திரும்பவில்லை. நம் மக்கள் கச்சான் என்று அழைக்கும் காற்றின் காலம் அது. குமரியை நோக்கிப் போகிறவருக்கு அது முகத்தில் அறையும். துடுப்பு வலித்தும் பயனில்லை. தோணிகள் மணப்பாட்டுக்கே திரும்பின. அவர் தரைவழியே நடந்து போனார். சென்றபோது கண்டவற்றை எழுதியிருக்கிறார்: உண்ண ஏதுமில்லாதவர்கள், நடக்க மாட்டாத முதியவர்கள், இறந்துபோனவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். ஏழைகள் அனைவரையும் மணப்பாட்டுக்கு வரச் சொன்னார். கடிதம் எழுதும்போது அவர்களில் பெரும்பாலோர் இந்த ஊருக்கு வந்துசேர்ந்திருந்தார்கள்.